உறவை முறித்துக்கொள்ள இங்கே அழுத்தவும்

ஷீலாவுக்குக் கோவம் வந்தால் வாய் பேசாது, கைதான் வேகம் பிடிக்கும். அன்றைக்கு அவள் எலுமிச்சம்பழம் நறுக்கின வேகத்தைப் பார்த்து முருகம்மாள் தன் அருவாமணையை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"ஏ ஷீலா, பழத்த நறுக்குதியா, எவன் கழுத்தயும் நறுக்குதியா?"

"கழுத்து கெடச்சா நறுக்கிருவேன்க்கா. இங்கன இல்ல அது. பாளையங்கோட்டையில ஏசி ரூம்புல உக்காந்துருக்கு."

ஆனி மாசம். மேற்கே மலையில் சாரல் விழுந்தால் புளியங்குடிக்காரனுக்குக் குளிர்ச்சி, சங்கரன்கோவில்காரனுக்கு வெறும் காற்றும் கண்ணில் மண்ணும்தான். மாடியில் உப்புப் போட்டு ஊறின பழத்துண்டுகளைப் பாயில் பரத்தி, மேலே வலைத்துணி கட்டி, நாலு மூலைக்கும் செங்கல் வைத்திருந்தார்கள். அப்படியும் காற்று துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. கீழே முற்றத்தில் வத்தல் வறுத்த நெடி. அதில் தும்மிக்கொண்டே ஷீலா இன்னொரு தடவை போனை எடுத்துப் பார்த்தாள். பார்த்தால் எரிச்சல் வரும் என்று தெரியும். ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

'அக்கா, நம்ம மெயில் லிஸ்ட் ரெண்டாயிரத்தத் தாண்டிட்டு! அடுத்த ஸ்லாப். இனி மாசம் டபுள் சார்ஜ். சனிக்கிழமைக்குள்ள கட்டலன்னா மெயில் போகாது. வாழ்த்துகள்!' அதற்குப் பக்கத்தில் வெடி வெடிக்கிற படம் வேறு.

"வாழ்த்துகளாம்லா! எம் பையில கைய விட்டு எடுத்துக்கிட்டு எனக்கே வாழ்த்து சொல்லுதான், வெளங்காத பய."

அனுப்பினவன் ஆனந்தகுமார். அவள் புருஷன் சுந்தரராஜுக்கு அத்தை மகன். பாளையங்கோட்டையில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று போர்டு மாட்டி ஆபீஸ் வைத்திருக்கிறான். 'ஷீலா ஊறுகாய்' என்றால் பம்பாய், சென்னை, துபாய், சிங்கப்பூர் என்று நம்ம ஊர்க்காரன் எங்கெங்கே பிழைக்கப் போனானோ அங்கெல்லாம் பேர் உண்டு. முதலில் வாட்ஸ்அப்பில்தான் எல்லாருக்கும் சேதி சொல்லிக்கொண்டிருந்தாள். மொத்தமாக அனுப்புகிறாள் என்று ஒருநாள் நம்பரையே முடக்கிவிட்டார்கள். திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தவளிடம் ஆனந்தகுமார்தான் வந்து, "மெயிலு போடுங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்றான். அவன் பேரிலேயே வெளிநாட்டு மெயில் கம்பெனி ஒன்றில் கணக்குத் திறந்தான். தலைக்கு இவ்வளவு என்று கம்பெனிக்கு, அதற்குமேல் இவ்வளவு என்று அவனுக்கு. வியாழக்கிழமை தோறும் ஷீலா நாலு வரி எழுதி, ஊறுகாய்ப் படம் போட்டு அனுப்புவாள். காற்று அடிக்கிறது, இந்த வருஷம் பழம் தோல் கனம் என்று வீட்டில் பேசுவது மாதிரி எழுதுவாள். அதற்காகவே படிக்கிறவர்களும் உண்டு.

வருஷத்தில் பெரிய மெயில் ஆடித்தபசு மெயில். சங்கரன்கோவில் தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் பாட்டிலுக்குச் சொல்லி வைப்பார்கள். அந்த ஒரு மாச வியாபாரம் அரை வருஷத்தைத் தாங்கும். அதற்கான ஊறுகாய் இப்போதே ஜாடி ஜாடியாக ஊறுகிறது. மெயில் போகாவிட்டால் அத்தனையும் வீட்டோடு கிடக்கும். ஆனந்தகுமார் கேட்கிற காசைக் கட்டினாலோ, அது முருகம்மாளுக்குக் கொடுக்கிற மாசச் சம்பளத்துக்கு வந்து நிற்கிறது. இவனுக்குக் கட்டணும் என்றால் அவளை நிறுத்தணும். அந்த முருகம்மாளோ குருவிகுளம் பக்கத்துப் புஞ்சைக்காடு மழை இல்லாமல் காய்ந்துபோய் இங்கே பஸ் ஏறி வருகிறவள். அவளை உட்காரவைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வது? ஷீலா பழத்தை நறுக்கினாள்.

கடைசியில் கையைத் துடைத்துவிட்டுப் போன் போட்டாள்.

"தம்பி, ரெண்டாயிரம் பேரு எங்கன இருந்துடே வந்தான்? நான் வருசம் பூரா பார்சல் போடுறது அதுல கால்வாசி கூடக் கெடையாதே."

"பொருட்காட்சியில குலுக்கல் வச்சோம்லாக்கா? எவர்சில்வர் தூக்குவாளி குடுத்தோம்லா? சீட்டு எழுதிப் போட்டவங்க எல்லாரையும் உள்ள சேத்தாச்சு."

"அவன் தூக்குவாளிக்கு ஆசப்பட்டுல்லா எழுதிப் போட்டான். ஊறுகாயா கேட்டான்?"

"வேண்டாதவங்க போறதுக்குத்தான் மெயிலுக்கு அடியில பட்டன் இருக்கேக்கா. மூணு வருசத்துல அத அமுக்குனது பத்துப் பேரு கூட இல்ல. அப்பம் என்ன அர்த்தம்? எல்லாருக்கும் ஒங்க மேல அம்புட்டுப் பாசம்."

"பாசத்த வச்சி ஒலையில போடவா? ஆளக் கொறச்சிக் குடு."

"கைய வச்சா ரேட்டிங் எறங்கிரும்க்கா. நீங்க ஊறுகாயப் பாருங்க, டெக்னிக்கல் எங்கிட்ட விடுங்க. சனிக்கிழம மத்தியானம் நானே வாரேன்."

போனை வைத்ததும் முருகம்மாள் கேட்டாள். "என்ன, வரி போடுதானா?"

"தலைக்கு இவ்வளவாம். வாங்குனாலும் வாங்காட்டாலும், மெயில தொறந்தே பாக்காட்டாலும்."

"நல்ல நாயமா இருக்கே! எங்க ஊரு கோயில் கொடைக்கு வீட்டுக்கு இவ்வளவுன்னு தலக்கட்டு வரி பிரிப்பாவ. ஊரவிட்டுப் போனவன் வீட்டுக் கதவ எவனும் தட்ட மாட்டான். ஒங்க சொந்தக்காரன் பூட்டுன வீட்டுக்கும் சேத்து ஒங்கிட்ட வரி வாங்குதானே, அவன் பெரிய ஆளுதான்."

சாயங்காலம் சுந்தரராஜ் கூரியர் ஆபீஸில் இருந்து வந்ததும் அவரிடம் சொன்னாள். அவர் சண்டை என்றால் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கொல்லைப்புறம் போகிற ஆள்.

"ஆனந்து நம்ம பய. பாத்துச் செய்வான். கட்டிருவோம்."

"எதுல இருந்து கட்ட?"

அவர் சட்டையைக் கழற்றினார்.

மறுநாள் புதன்கிழமை. எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கிற நேரத்தில் போன் வந்தது. ஷீலா தோளில் போனை இடுக்கிக்கொண்டு வெந்தயப்பொடியைக் கிண்டினாள்.

"யம்மா, ஊறுகாய் ஷீலாதான? நான் பம்பாயில இருந்து துரைப்பாண்டி பேசுதேன். சொந்த ஊரு மேலநீலிதநல்லூரு. நான் ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கப்பிடாது."

"சொல்லுங்க அண்ணாச்சி. பாட்டில்ல எண்ணெய் கசிஞ்சிட்டா?"

"சேச்சே, ஊறுகாய்ல என்ன கொற? எனக்குப் பிரஷரு. டாக்டரு ஊறுகாயக் கண்ணால பாக்கப்பிடாதுன்னுட்டான். நீ என்னன்னா வியாழக்கிழம தவறாம படம் போட்டு அனுப்புத. எண்ணெய் மினுமினுன்னு மெதக்குது. அதப் பாத்துட்டு உப்பில்லாத ரசஞ்சோத்துல கைய வச்சா எறங்குமா, நீயே சொல்லு."

ஷீலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐய, அண்ணாச்சி! அடியில பட்டன் இருக்குல்லா? அத அமுக்கிட்டா வராதே."

அந்தப் பக்கம் அண்ணாச்சி இழுத்தார்.

"அத எப்படிம்மா அமுக்க?"

"ஏன், எழுத்து சின்னதா இருக்கா?"

"எழுத்து நல்லாத்தான் தெரியுது. உறவ முறிச்சிக்கிடணும்னா அமுக்குன்னுலா போட்டுருக்க? நான் ஒங்கூட என்ன சண்டையா போட்டேன்? மூணு வருசமா ஒங்கையால தின்னுருக்கேன். எங்க வீட்டுக்காரியும், அத அமுக்காதீங்க, அந்தப் பிள்ள மனசு சங்கடப்படும்னுட்டா. ஒருநா வெரலு தெரியாமப் பட்டுட்டு. உறவை உறுதியாக முறிக்கிறீர்களான்னு திருப்பிக் கேக்குது. நெஞ்சு பதறிப்போச்சி. போனயே அணைச்சிட்டேன். அதான் நேர்ல சொல்லிருவோம்னு கூப்பிட்டேன். கோவம் ஒண்ணும் இல்லைலா?"

"எனக்கு என்ன கோவம் அண்ணாச்சி... நான் பாத்துக்கிடுதேன். ஒடம்பப் பாருங்க."

அடுப்பை அணைத்தாள். மெயிலைத் திறந்து அடிவரைக்கும் தள்ளிக்கொண்டே போனாள். அவள் எழுதினதற்கும் கீழே, முகவரிக்கும் கீழே, சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து. 'எங்களுடனான உறவை நிரந்தரமாக முறித்துக்கொள்ள இங்கே அழுத்தவும்.'

"அடியில இருக்கிறது சட்டப்படி போட்டாகணும்க்கா, அதத் தொடாதீங்க" என்று ஆனந்தகுமார் அன்றைக்கே சொல்லியிருந்தான். அவளும் தொடவில்லை, படிக்கவும் இல்லை. மூணு வருஷமாக வாரந்தவறாமல் அவள் பேரில் இது போயிருக்கிறது. ஷீலாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்கு வந்தவனுக்குச் சோறு போட்டு, எந்திரிக்கையில் 'இத்தோட நமக்குள்ள ஒண்ணும் கெடையாது'ன்னு சொன்ன மாதிரிலா இருக்கு!

பழைய ஆட்கள் மூணு நாலு பேருக்குப் போன் போட்டுக் கேட்டாள். சென்னையில் இருக்கிற அபிதா, "எங்க அத்த இப்ப வீட்லயே போடுதாவக்கா. அமுக்கலாம்னு போவேன். அந்த வார்த்தையப் பாத்தா மனசு வராது" என்றாள். மற்றவர்களும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்கள். பாசமாம் பாசம். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு ஊர்பூராவும் நிற்கிறது, அத்தனை பேருக்கும் தலைக்கு இவ்வளவு என்று இவள் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

வெயில் சாயவும் முருகம்மாள் கைகால் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வாசலில் இறங்கினாள்.

"அப்பம் நான் போயிட்டு வாரேன், ஷீலா."

"போயிட்டு வாங்கக்கா."

வாய் சொன்ன பிறகுதான் ஷீலாவின் காதில் அது விழுந்தது. அந்தப் பக்கத்தில் எவனும் 'போறேன்' என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுப் படி இறங்குவது கிடையாது. சொன்னால் நல்லதுக்கில்லை. ஒரு தடவை பில் கட்ட மறந்து கரண்டைப் பிடுங்க வந்த ஆள்கூட, பிடுங்கிவிட்டு, "போயிட்டு வாரேம்மா" என்றுதான் சொன்னான். இவளும் இருட்டில் நின்றுகொண்டு "போயிட்டு வாங்க" என்றாள்.

ஷீலா உட்கார்ந்து அந்தப் பொடி எழுத்தை அழித்தாள். பெரிய எழுத்தில் 'போயிட்டு வாரேன்' என்று போட்டாள். அதை அமுக்கினால் அடுத்து வருகிற 'உறுதியாக முறிக்கிறீர்களா'வையும் தூக்கிவிட்டு, 'போயிட்டு வாங்க' என்று மாற்றினாள். பிறகு மெயில் எழுதினாள்.

'எல்லாருக்கும் ஷீலா எழுதுதேன். இந்த வாரம் ஊறுகாய்ப் படம் கிடையாது. இவ்வளவு நாளும் என் மெயிலுக்கு அடியில ஒரு கெட்ட வார்த்தை கிடந்திருக்கு. நான் எழுதலை. ஆனா பாக்காம விட்டது நான்தான், அதுக்கு மன்னிக்கணும். ஊறுகாய் வேண்டாம்னா வேண்டாம். பிரஷர் இருக்கும், வீட்ல போடுவாங்க, எங்க கைப்பக்குவம் பிடிக்காமக் கூட இருக்கும். அதுக்கும் உறவுக்கும் என்ன சம்பந்தம்? பட்டனை மாத்திட்டேன். கூச்சப்படாம அமுக்குங்க, எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. இருக்கிறவங்களுக்கு ஆடித்தபசு ஊறுகாய் தயாராயிட்டிருக்கு.'

வியாழக்கிழமை காலையில் அனுப்பினாள். மத்தியானம் சாப்பிட வந்த சுந்தரராஜ் அவள் போனை எட்டிப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார்.

"ஏ ஷீலா, எல்லாரும் போறாவ! நூறு நூறாப் போறாவ! கடைய இழுத்து மூடவா?"

"போயிட்டு வாரேன்னுலா சொல்லிட்டுப் போறாவ. போட்டும்."

போனவர்கள் சும்மாவும் போகவில்லை. நாலு பேர் பதிலும் எழுதினார்கள். 'சுகர் குறையட்டும், வாரேன்க்கா.' 'தூக்குவாளிக்குத்தான் எழுதிப் போட்டேன், அதுவும் விழலை. போயிட்டு வாரேன்.' அதைப் படித்து முருகம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். துரைப்பாண்டி அண்ணாச்சி முதல் ஆளாக அமுக்கினார். அமுக்கிவிட்டு, மேலநீலிதநல்லூரில் இருக்கிற தங்கச்சிக்கு ரெண்டு பாட்டில் அனுப்பச் சொல்லிப் பணமும் போட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மிச்சம் இருந்தது அறுநூறு சொச்சம் பேர். அதிலும் போய்ச் சேராமல் திரும்பி வருகிற செத்த முகவரிகளைப் பொறுக்கி எடுத்தாள். இந்த அளவுக்குச் சின்ன லிஸ்ட் என்றால் காசே வேண்டாம் என்று சொல்லுகிற கம்பெனியும் இருக்கத்தான் செய்தது. ஆனந்தகுமார் மூணு வருஷமாக அப்படி ஒன்று இருக்கிறது என்று மூச்சு விட்டதில்லை. அதில் தன் பேரில், தன் நம்பரில் கணக்குத் திறந்து அத்தனை பேரையும் கொண்டுவந்து வைத்தாள். ஆடித்தபசு மெயிலின் முதல் வரியையும் எழுதிப் பார்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஆனந்தகுமார் பைக்கில் வந்து இறங்கினான். முகம் கடுகடுவென்று இருந்தது.

"அக்கா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க?"

"மொதல்ல சாப்பிடு."

இலையைப் போட்டாள். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, அவியல், அப்பளம். சோற்றில் கை வைத்தவனைத் திட்டக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். சுந்தரராஜ் பக்கத்தில் உட்கார்ந்து, இவள் முகத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி தின்றார்.

குழம்பு இறங்கவும் ஆனந்தகுமாருக்குப் பேச்சு வந்தது. "அந்த வாசகத்த ஏன் எடுத்தீங்க? அது சும்மா போட்டதுன்னு நெனச்சீங்களா? டெக்னிக்குக்கா. 'மெயில் வேண்டாம்'னு போட்டா படக்குன்னு அமுக்கிருவான். 'உறவை முறிக்க'ன்னு போட்டுப் பாருங்க, நம்ம சனங்க ஒருத்தன் அமுக்க மாட்டான். நெஞ்சுல ஈரம் உள்ளவன்லா. நம்ம பக்கத்துக் கடை எல்லாத்துக்கும் அதத்தான் போட்டு வச்சிருக்கேன். ஒருத்தனுக்கும் லிஸ்ட் எறங்குனதே கெடையாது."

ஷீலாவின் கையில் இருந்த கரண்டி நின்றது. பிறகு, "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா?" என்றாள்.

"போதும்க்கா, வயிறு நெறஞ்சிட்டு."

"எந்திரிச்சிக் கையக் கழுவு."

அவன் கழுவிவிட்டுத் துண்டைத் தேடினான்.

"கழுவிட்டியா? இப்பக் கேளுலே."

அவள் அவனை 'லே' என்று சொல்லி அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. முற்றத்தில் முருகம்மாளின் அருவாமணை நின்றுவிட்டது.

"நெஞ்சுல ஈரம்னு சொன்னியே, அந்த ஈரத்துக்காலே மீட்டர் மாட்டுன? பம்பாயில ஒரு பெரிய மனுசன் உப்பில்லாத சோத்தப் பெசஞ்சி வச்சிக்கிட்டு, எம் மனசு சங்கடப்படும்னு அமுக்காம இருந்துருக்காரு. முகம் தெரியாத எனக்காவ! அந்த மனுசன் தலைக்கு நீ எங்கிட்டக் காசு வாங்கித் தின்னுருக்க. அவரு மரியாதைக்கு நான் வாடக கட்டியிருக்கேன். இன்னைக்கு நான் கூறுகெட்டுப்போயி ஒனக்குக் கட்டியிருந்தா, நாளைக்கு அந்தா உக்காந்துருக்காவளே முருகம்மாக்கா, அவியள வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். நல்லது கெட்டது தெரிஞ்ச சனங்கன்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சிதானலே அறுத்துருக்க!"

"பிசினஸ்னா அப்படித்தான்க்கா இருக்கும். எல்லாப் பயலும் செய்யுததுதான்."

"எல்லாப் பயலும் செய்யட்டும். எம் பேரப் போட்டு, எம் ஊறுகாய்க்கு அடியில நீ ஏன்லே செஞ்ச?"

"ஏ ஷீலா, விடு. சொந்தக்காரப் பய" என்றார் சுந்தரராஜ்.

"சொந்தக்காரன்னு நம்பித்தான அடியில என்ன எழுதிருக்கான்னு பாக்காம விட்டேன்! வேத்தாளா இருந்தா அன்னைக்கே படிச்சிப் பாத்துருப்பேன்."

ஆனந்தகுமாருக்கும் சூடு ஏறிவிட்டது. "அக்கவுண்ட் எம் பேர்ல இருக்கு, ஞாபகம் வச்சிக்கிடுங்க. இப்பமே பூட்டுனா ஆடித்தபசுக்கு ஒரு மெயிலு போகாது. ஊறுகாய நீங்களே வச்சித் திங்க வேண்டியதுதான்."

"பூட்டு. நல்லாப் பூட்டு. வெறும் வீடுதான அது? இருக்கிறவங்க நேத்தே எங்கிட்ட வந்து குடியேறியாச்சு. வாடக கெடையாது."

அவன் சுந்தரராஜைப் பார்த்தான். அவர் எச்சில் இலையைப் பார்த்தார். சட்டையைக் கழற்றுவதற்கும் வழியில்லை, வெறும் பனியனோடுதான் இருந்தார். ஆனந்தகுமார் ஹெல்மெட்டை எடுத்தான். வாசற்படியில் கால் வைத்ததும் அவனுக்கும் என்னவோ போல் ஆகியிருக்க வேண்டும், குரல் இறங்கிவிட்டது. என்ன சண்டை நடந்தாலும் படி இறங்குகையில் சொல்லுகிற சொல் ஒன்று இருக்கிறது. பிறந்ததில் இருந்து சொல்லிப் பழகின வாய்க்கு அது தானாக வந்துவிட்டது.

"அப்பம்... போயிட்டு வாரேன்க்கா."

ஷீலா இலையை மடித்து எடுத்தாள்.

"போ" என்றாள்.

சுந்தரராஜ் தலையை நிமிர்த்தினார். முருகம்மாள் வாயில் கை வைத்தாள். அந்த வீட்டில், அந்தத் தெருவில், வந்தவனிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆனந்தகுமார் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மீதிச் சொல்லும் வரும் என்று படியிலேயே நின்றான். ஷீலா இலையைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவி மாடிக்கு ஏறிவிட்டாள். வெயில் இருக்கும்போதே பழத்தைத் திருப்பிப் போடவேண்டி இருந்தது.